சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: விமானத்தில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

கேட்டிருந்த கேள்வி இதுதான்: சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் எவ்வளவு தூரம்? தேடிப் பார்த்தால் ஓரிடத்தில் 15,349 என்கிறது, இன்னோரிடத்தில் 16,700 என்கிறது, வேறொன்றில் 8,288 என்கிறது. பயண நேரமும் 17 மணியிலிருந்து 19 மணி வரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது? நேரடி விமானத்தில் போவதா, நடுவில் ஓர் ஊரில் இறங்கிப் போவதா?

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நிலையங்களுக்கும் இடையே பூமியின் மேற்பரப்பில் அளந்தால் கிடைக்கும் மிகக் குறுகிய தூரம் 15,349 கி.மீ. இடைநில்லா விமானம் உண்மையில் பறப்பது பெரும்பாலான நாட்களில் 16,000 கி.மீ.க்கு மேல். டிக்கெட்டில் இருக்கும் நேரம், திசையையும் மாதத்தையும் பொறுத்து, ஏறத்தாழ 18½ மணியிலிருந்து 19 மணி வரை. இப்போதைக்கு உலகின் மிக நீண்ட இடைநில்லாப் பயணிகள் சேவை இதுதான். பக்கத்திலேயே இருக்கும் நியூவர்க் நிலையத்துக்குப் போகும் விமானம் வெறும் 5 கி.மீ. குறைவில் இரண்டாம் இடத்தில் இருக்கிறது.

நீங்கள் பார்த்த எண்கள் எதுவும் பொய்யில்லை. 15,349 என்பது கிலோமீட்டர். அதையே சாதாரண மைலில் சொன்னால் 9,537. விமானிகளும் கப்பல்காரர்களும் பயன்படுத்தும் கடல் மைலில் சொன்னால் 8,288. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பல தளங்கள் வெறுமனே 'மைல்' என்று போட்டுவிட்டு எந்த மைல் என்று சொல்வதில்லை, பாதிக் குழப்பம் அங்கேதான். சிலவற்றில் 15,340 என்றும் பார்க்கலாம். அது பூமியை உருண்டைப் பந்தாக வைத்துப் போட்ட கணக்கு. துருவங்களில் சற்றுத் தட்டையான உண்மையான வடிவத்தை எடுத்துக்கொண்டால் சில கிலோமீட்டர் கூடும். நிலையத்திலிருந்து அளக்காமல் ஊரின் மையத்திலிருந்து அளப்பவர்களும் உண்டு. இதெல்லாம் சில்லறை வித்தியாசம். 16,700 மட்டும் வேறு வகை. 2018இல் நியூவர்க் சேவையை மறுபடி தொடங்குவதாக அறிவித்தபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸே சொன்ன தூரம் அது. விமானம் போகும் பாதையின் நீளம், குறுகிய தூரம் இல்லை.

சரி, குறுகிய பாதை எது? சுவரில் மாட்டும் உலக வரைபடத்தை எடுத்து, சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டால், மாலுமிகளின் மெர்கேட்டர் வரைபடத்தில் அந்தக் கோடு இலங்கைக்கு மேலே போகும், ஏமனையும் சூடானையும் தொடும், சகாராவைக் குறுக்கே வெட்டி, அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவில் ஏறும். பார்க்க நேராக இருக்கும். ஆனால் அந்த வழி சுமார் 18,500 கி.மீ., குறுகிய வழியைவிட 3,000 கி.மீ.க்கு மேல் அதிகம். உருண்டை வடிவ குளோபில் ஒரு நூலை இரண்டு ஊருக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துப் பாருங்கள்; நூல் மேற்கேயும் போகாது, கிழக்கேயும் போகாது, நேரே வடக்கே ஏறும்.

காரணம் தீர்க்கரேகை. சிங்கப்பூர் கிழக்கே 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கே ஏறக்குறைய 74 பாகையில். இரண்டையும் கூட்டினால் 178. அதாவது பூமியின் எதிரெதிர்ப் பக்கங்கள், இன்னும் 2 பாகை இருந்தால் மிகச் சரியாக எதிர். இப்படி இருந்தால் குறுகிய பாதை துருவத்தை ஒட்டித்தான் போகும். தாய்லாந்து, லாவோஸ், சீனாவின் யுன்னான், மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, வட துருவத்திலிருந்து ஏறத்தாழ 280 கி.மீ. தள்ளிக் கடந்து, அப்புறம் கனடாவின் பஃபின் தீவு, கியூபெக் வழியாக நியூயார்க்குக்கு இறங்கும் கோடு அது.

அந்தக் கோட்டில் விமானம் போகாததற்குப் பல காரணங்கள். கோட்டின் நடுப்பகுதி முழுக்க ரஷ்ய வான்வெளி. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து பல நாட்டு விமானங்களுக்கு அந்த வழியே இல்லை. துருவப் பகுதியில் வேறு தொல்லைகளும் உண்டு. வெளியே குளிர் அதிகமான நாட்களில் இறக்கையில் இருக்கும் எரிபொருளின் வெப்பநிலையைக் கண்காணித்தபடியே போக வேண்டும். ஆசியாவில் நிரப்பும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி, அமெரிக்காவில் கிடைக்கும் ஜெட் ஏ மைனஸ் 40 டிகிரியிலேயே கெட்டியாகத் தொடங்கலாம். ஏதாவது கோளாறு என்றால் இறங்க வசதியான ஊர்களும் அங்கே குறைவு. இத்தனையும் சரியாக இருந்தாலும்கூட, பெரும்பாலான நாட்களில் அந்தப் பாதை லாபமில்லை. ஏனென்றால் காற்று.

வட அரைக்கோளத்தின் நடுப்பகுதிக்கு மேலே, ஏறத்தாழ 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்றோட்டம் ஒன்று உண்டு. அதைத்தான் ஜெட் ஸ்ட்ரீம் என்கிறோம். விமானங்கள் பறக்கும் உயரமும் அதுவே. குளிர்காலத்தில் அதன் நடுவே மணிக்கு 300 கி.மீ.க்கு மேலும் காற்று வீசும். விமானத்தின் வேகம் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம்தான். மணிக்கு 900 கி.மீ. போகும் விமானத்துக்குப் பின்னாலிருந்து 150 கி.மீ. காற்று அடித்தால், தரையைப் பொறுத்து அது 1,050 கி.மீ. வேகத்தில் போகிறது. எதிரே அடித்தால் 750. இருக்கைத் திரையில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். 'தரை வேகம்' என்று ஓர் எண் வரும், அது மணிக்கு மணி மாறிக்கொண்டே இருக்கும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிப்பதாக நினைக்க வேண்டாம், மாறுவது காற்று.

இதற்குப் பிரபலமான உதாரணம் 2020 பிப்ரவரியில் நடந்தது. சியாரா புயலின்போது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது; தரை வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியிருந்தது. அதே தடத்தில் லண்டனிலிருந்து நியூயார்க் போக வழக்கமாக 7½, 8 மணி நேரம் ஆகும்.

நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஏர் இந்தியாவின் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானம். ஆரம்பத்தில் அது ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாக மேற்கே போய்க்கொண்டிருந்தது, சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் திசையை மாற்றி, கிழக்கே பசிபிக் வழியாகப் போனார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆனது, அதாவது 1,400 கி.மீ. கூடுதல். ஆனால் காற்று முதுகில் இருந்ததால் நேரம் இரண்டு மணி நேரம் குறைந்து 14½ மணி ஆனது. தூரத்தை வைத்து நேரத்தைச் சொல்லிவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்த ஒரு விமானத்தைக் காட்டினால் போதும்.

இப்போது சிங்கப்பூர் – நியூயார்க்குக்கு வருவோம். இரண்டு ஊரும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியானால் எந்தப் பக்கம் காற்று உதவுமோ அந்தப் பக்கம் போகலாமே? அதைத்தான் செய்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் தென் சீனக் கடல், ஜப்பானுக்குக் கிழக்கே, வட பசிபிக், கனடா அல்லது அமெரிக்காவின் மேற்குக் கரை என்று கிழக்கு நோக்கியே போகும். திரும்பி வரும் விமானம் வந்த வழியே போகாமல், அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியா, வங்காள விரிகுடா என்று மறுபடியும் கிழக்கு நோக்கியே பறக்கும் நாட்கள் ஏராளம். அப்படிப் போய்வந்தவர் தனக்கே தெரியாமல் உலகத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிடுகிறார். லண்டன் – நியூயார்க் போன்ற தடங்களில் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று மணிக்கணக்கில் வித்தியாசம் இருக்கும்போது, அதைப்போல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு நீளமான இந்தத் தடத்தில் இரு திசைக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதற்கு இதுதான் காரணம். எனக்கு இந்தத் தடத்தில் மிகவும் பிடித்த விஷயமும் இதுவே.

போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று, இரண்டும் சரிக்குச் சரியாகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. 9,000 கி.மீ. தடத்தை எடுத்துக்கொள்வோம், விமானத்தின் வேகம் 900, காற்று 100. காற்றே இல்லையென்றால் போக 10, வர 10, மொத்தம் 20 மணி. காற்று இருந்தால் ஒரு பக்கம் 9 மணி, மறுபக்கம் 11¼ மணி, மொத்தம் 20¼. எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், அதனால் நஷ்டம் எப்போதும் லாபத்தைவிடப் பெரியது. அதனால்தான் வழியை மாற்றியாவது எதிர்க்காற்றைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள்.

இந்த முடிவை எடுப்பது விமானி தனியாக இல்லை. கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு, நிறுவனத்தின் இயக்க மையத்தில் டிஸ்பாட்சர் என்பவர் அன்றைய காற்று முன்னறிவிப்பை வைத்துக் கணினியில் பல பாதைகளைப் போட்டுப் பார்ப்பார். எது குறைந்த எரிபொருளில், குறைந்த நேரத்தில் முடிகிறதோ அதுதான் அன்றைய ஃப்ளைட் பிளான். விமானியின் கைக்கு வரும் தாளில் எரிபொருள் கணக்கு வரிவரியாக இருக்கும்: ஓடுபாதை வரை உருண்டு போக இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு, முன்னறிவிப்பு பிசகினால் சமாளிக்கப் பயண அளவில் பொதுவாக 5 சதவீதம், போகும் ஊரில் இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையத்துக்குப் போக இவ்வளவு, கடைசியாகத் தொடவே கூடாத 30 நிமிட இருப்பு. 18 மணி நேரப் பயணத்தில் அந்த 5 சதவீதம் மட்டுமே கிட்டத்தட்ட ஒரு மணி நேரப் பறப்புக்கான எரிபொருள்.

எரிபொருள் பற்றிப் பேச்சு வந்ததால் விமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா விமானமும் இந்தத் தூரம் போகாது. இதற்கென்றே ஏர்பஸ் செய்தது ஏ350-900 யுஎல்ஆர். சாதாரண ஏ350-900இல் 1,41,000 லிட்டர் பிடிக்கும், இதில் 1,65,000 லிட்டர். புதிதாகத் தொட்டி வைக்கவில்லை, இருக்கும் தொட்டிகளிலேயே குழாய் அமைப்பை மாற்றி இடம் கண்டுபிடித்தார்கள். முழுக்க நிரப்பினால் அது 130 டன்னுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். இந்த விமானம் மேலெழ அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடையே 280 டன். கிளம்பும் எடையில் கிட்டத்தட்டப் பாதி எரிபொருளே என்றால், மீதியில் விமானமும் ஆட்களும் பெட்டிகளும் அடங்க வேண்டும். ஆகவே 300 பேர் உட்காரக்கூடிய உடம்பில் 161 இருக்கைதான்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. முறைவைத்துத் தூங்கி எழுந்து ஓட்ட நான்கு விமானிகள்.

இது முதல் முயற்சியும் இல்லை. 2004 ஜூனிலேயே ஏர்பஸ் ஏ340-500 வைத்து சிங்கப்பூர் – நியூவர்க் இடைநில்லாச் சேவை நடந்தது. நான்கு எஞ்சின், 2 லட்சம் லிட்டருக்கு மேல் எரிபொருள். செலவைச் சமாளிக்க 2008இல் முழு விமானத்தையும் 100 பிசினஸ் இருக்கையாக மாற்றினார்கள். அப்படியும் எரிபொருள் விலைக்குத் தாக்குப்பிடிக்காமல் 2013 நவம்பரில் நின்றுபோனது. ஐந்து வருடம் கழித்து, 2018 அக்டோபர் 11 அன்று, இரண்டே எஞ்சின் கொண்ட புதிய விமானத்தோடு திரும்ப வந்தது. 2020இல் கோவிட் காலத்தில் நின்று, அதே வருடம் நவம்பரில் ஜேஎஃப்கேவுக்குத் தொடங்கியதும், தடத்தின் நீளம் 5 கி.மீ. கூடியதும் அப்புறம் நடந்தவை.

நேரத்தில் இன்னொரு குழப்பம்: டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை. நிற்கும் இடத்திலிருந்து விமானத்தைப் பின்னால் தள்ளும் நொடியிலிருந்து, அந்த ஊரில் நிற்கும் இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நொடி வரையான நேரம் அது. துறையில் பிளாக் டைம் என்பார்கள். ஜேஎஃப்கேயில் மாலை நேரத்தில் வரிசையில் 15 விமானம் முன்னால் நின்றால் ஓடுபாதைக்குப் போகவே அரை மணி, முக்கால் மணி ஆகும். அதையும் சேர்த்துத்தான் அட்டவணை போடுவார்கள். "கேப்டன் 17 மணி 40 நிமிடம் என்று அறிவித்தார், டிக்கெட்டில் 18:45 என்று இருக்கிறதே" என்றால், இரண்டும் சரி. விமானத்தைக் கண்காணிக்கும் தளங்களில் நீங்கள் பார்த்த 17 மணிச் சொச்சம் சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொட்டது வரையான கணக்காக இருக்கும்.

எந்த இரண்டு தூர ஊருக்கும் நீங்களே மனக்கணக்காகப் போட ஒரு வழி சொல்கிறேன். குறுகிய தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து 850ஆல் வகுத்து, அரை மணி கூட்டுங்கள். விமானம் 900இல் பறந்தாலும், வளைந்து போவதையும் ஏறி இறங்குவதையும் கழித்தால் 850தான் கையில் நிற்கும். இந்தத் தடத்துக்கு 15,349ஐ 850ஆல் வகுத்தால் 18 மணி, அரை கூட்டினால் 18½. பெர்த் – லண்டன் 14,499 கி.மீ.; கணக்கில் ஏறத்தாழ 17½ மணி, அட்டவணையும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. சென்னை – லண்டன் சுமார் 8,200 கி.மீ.; கணக்கில் 10 மணிச் சொச்சம் வரும், மேற்கே போகும்போது அதைவிடக் கூடும், திரும்பும்போது குறையும். போர், வான்வெளி மூடல் என்று சுற்றிப்போகும் காலங்களில் ஒரு மணி, ஒன்றரை மணி சேர்த்துக்கொள்ள வேண்டும். குறுகிய தடங்களுக்கு இந்தக் கணக்கு உதவாது; சென்னை – மதுரைக்குப் போட்டுப் பார்த்து என்னைத் திட்டாதீர்கள்.

அடுத்து கடிகாரம். சிங்கப்பூர் நியூயார்க்கைவிடக் குளிர்காலத்தில் 13 மணி நேரமும், அமெரிக்காவில் கடிகாரத்தை முன்தள்ளி வைக்கும் மார்ச் முதல் நவம்பர் வரை 12 மணி நேரமும் முன்னால். கோடையில் புதன்கிழமை பகல் 12 மணிக்குச் சிங்கப்பூரில் கிளம்பி 18¾ மணி பறந்தால், நியூயார்க்கில் அதே புதன்கிழமை மாலை 6:45. ஏழு மணி நேரம்கூட ஆகாத மாதிரி இருக்கும். திரும்பும்போது புதன் இரவு 10:30க்கு ஏறினால் வெள்ளிக்கிழமை விடிகாலை 5 மணிவாக்கில் இறங்குவீர்கள், வியாழக்கிழமையே ஆகாயத்தில் காணாமல் போயிருக்கும். டிக்கெட்டில் வருகை நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +2 என்று இருப்பதைக் கவனிக்காமல் ஒருநாள் முன்னதாக விமான நிலையத்துக்கு ஆள் அனுப்புகிறவர்கள் உண்டு. இன்னொன்று, சிங்கப்பூர் கடிகாரம் 1982 ஜனவரி முதல் சூரியனைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சூரியக் கணக்கில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் 12 மணிக்குச் சற்றே குறைவு. உடம்புக்குப் பகலும் இரவும் முழுதாகத் தலைகீழாகிவிடும், எந்தப் பக்கம் பறந்தாலும்.

நேராகப் போவதா, இறங்கிப் போவதா என்ற கேள்விக்கு வருகிறேன். இறங்கிப் போவதால் தூரம் அதிகம் கூடாது. ஃப்ராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் சிங்கப்பூரிலிருந்து அங்கே சுமார் 10,270 கி.மீ., அங்கிருந்து ஜேஎஃப்கே சுமார் 6,190 கி.மீ., சேர்த்தால் குறுகிய தூரத்தைவிட 1,100 கி.மீ. போலத்தான் அதிகம். ஆனால் ஒருமுறை இறங்கி ஏறுவதில் இரண்டு மூன்று மணி போய்விடும், இரண்டாம் கட்டம் அட்லாண்டிக்கின் எதிர்க்காற்றில் மேற்கே போகிறது. ஆக மொத்தம் ஒரு நாள் ஆகிவிடும், நேரடியைவிட ஐந்தாறு மணி கூடுதல். பதிலுக்கு உங்களுக்குக் கிடைப்பது சாதாரண எகானமி இருக்கையும் அதற்கேற்ற கட்டணமும்.

என் அபிப்பிராயம்: தனியாக, வேலை நிமித்தமாகப் போகிறவர் நேரடியில் போகலாம். வயதானவர்களுக்கு, கால் வீக்கமோ முதுகுவலியோ உள்ளவர்களுக்கு, ஒரே மூச்சில் 19 மணி உட்காரவைப்பதைவிட நடுவில் இரண்டு மணி நேரம் நடமாட விடுவது நல்லது. டிக்கெட் போடும் முன் அவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நேரடியில் போவதாக முடிவெடுத்தால், போய்ச் சேரும் இடம் நியூஜெர்சியின் எடிசன் பக்கம் என்றால் நியூவர்க் விமானத்தைப் பாருங்கள். ஜேஎஃப்கே நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. அங்கே இறங்கினால் நியூயார்க்கைத் தாண்டி மேற்கே வர வேண்டும், நெரிசலில் அந்தக் கார் பயணமே இரண்டு மணி நேரத்தை விழுங்கும்.